ஒரே டெலஸ்கோப்பில் சனி வளையமும் கூந்தன்குளத்துப் பூநாரையும்: எதை வாங்குவது?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், வள்ளியூர்ப் பக்கம் வசிக்கும் பள்ளி ஆசிரியை. வயது 46. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், சனியின் வளையத்தைத் தன் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். இவருக்கோ ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பறவை பார்க்க ஆசை. இரண்டுக்கும் ஒரே டெலஸ்கோப், ஸ்கூட்டரில் கொண்டுபோகிற அளவில், 25,000 ரூபாய்க்குள் வேண்டும்.

அவர் முன்னால் மூன்று யோசனைகள் இருக்கின்றன. இணையத்தில் ஏழாயிரம் ரூபாய்க்கு ‘525 மடங்கு’ என்று விற்கும் ஒரு டெலஸ்கோப்: 76 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத் தொலைவு, சூரியனைப் பார்க்க ஃபில்டர் இலவசம். இரண்டாவது, ‘ஈக்குவடோரியல் ஸ்டாண்டு இல்லாமல் வாங்கினால் காசு வீண்’ என்று உள்ளூர்க் கடைக்காரர் சொன்னது. மூன்றாவது, துபாயில் இருக்கும் கொழுந்தனார் அடுத்த விடுமுறைக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொல்லும் 127 மி.மீ. கம்ப்யூட்டர் டெலஸ்கோப், நட்சத்திரத்தை அதுவே தேடிப் பிடிக்குமாம். இவர் கண்ணாடி அணிபவர், சிலிண்டர் பவரும் உண்டு. “மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் ஏதாவது பேசுவார்களோ” என்ற தயக்கத்தையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 80 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள, லென்ஸ் வகைக் குட்டை டெலஸ்கோப் உங்கள் இரண்டு தேவைக்கும் பொருந்தும். அதோடு, படத்தை நேராகக் காட்டும் 45 டிகிரி ப்ரிசம் ஒன்று, ஆடாத ஸ்டாண்டு ஒன்று. பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை ஸ்டாண்டுக்கென்றே எடுத்து வையுங்கள். உங்கள் கடிதத்தில் மடங்கைப் பற்றி நான்கு இடங்களில் பேச்சு வருகிறது, ஸ்டாண்டின் உறுதியைப் பற்றி ஓரிடத்திலும் இல்லை. பரணில் தூங்கும் டெலஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வியாதி லென்ஸில் இல்லை, காலில்தான் இருக்கிறது.

525 மடங்கு எங்கிருந்து வந்தது?

நீங்கள் பாடம் எடுக்கும் கணக்குதான். முன் லென்ஸ் அல்லது ஆடியின் குவியத் தொலைவை, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. பெட்டிக்குள் கிடக்கும் 3 மடங்கு பார்லோ லென்ஸால் அதைப் பெருக்கினால் 525. கணக்கில் தப்பில்லை, படம்தான் வராது. ஒரு டெலஸ்கோப் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் என்பதை அதன் விட்டம் முடிவு செய்கிறது. மி.மீ. விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதுதான் நடைமுறை எல்லை, 76 மி.மீ.க்கு 150 சொச்சம். அதற்கு மேல் பெரிதாக்குவது பத்திரிகையில் அச்சான போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்ப்பது மாதிரி: புள்ளிகள் பெரிதாகும், முகம் தெளியாது.

வியாழனின் நான்கு நிலாக்களை 1610இல் கலிலியோ கண்டது சுமார் 20 மடங்குக் கருவியில். சனியின் வளையம் 25, 30 மடங்கிலேயே நீள்வட்டமாகத் தெரியும்; 40, 50 மடங்கில் கோளுக்கும் வளையத்துக்கும் நடுவே கறுப்பு இடைவெளி பிடிபடும். உங்கள் மகளுக்குத் தேவைப்படும் உச்சம் 80 மடங்கு, மிஞ்சினால் 100.

அந்த ஏழாயிரம் ரூபாய்க் கருவியின் ஆடி அப்படியொன்றும் மோசமில்லை. கூடவருகிற சாமான்கள்தான் மோசம். கண் லென்ஸின் விளிம்பில் ‘எஸ்.ஆர். 4’, ‘எச். 20’ என்று பொறித்திருந்தால், அவை ஒன்றிரண்டு கண்ணாடித் துண்டுகளில் செய்த பழங்கால வடிவங்கள். பார்வைப் பரப்பு சாவித்துவாரம் போல இருக்கும். ‘பி.எல்.’ என்றிருந்தால் பரவாயில்லை. கண் லென்ஸின் கழுத்து ஒன்றேகால் அங்குலம், அதாவது 31.7 மி.மீ. இருக்கவேண்டும். 24.5 மி.மீ. கழுத்து என்றால் பிறகு நல்ல லென்ஸ் வாங்கினாலும் அதில் நுழையாது.

பறவைக்கும் அது உதவாது. ஆடி வகை டெலஸ்கோப்பில் படம் தலைகீழாக வரும், நீங்கள் பார்க்கவேண்டியதும் குழாயின் பக்கவாட்டிலிருந்து. நிலாவுக்கு எது தலை, எது கால்? அங்கே பிரச்சினை இல்லை. குளத்தில் பூநாரை தலைகீழாக நடந்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

இன்னொரு வகையையும் சொல்லிவைக்கிறேன், கடைகளில் நிறையக் கிடக்கிறது. ஆடி விட்டம் 114 அல்லது 127, குவியத் தொலைவு 1000 என்று பெட்டியில் இருக்கும். குழாயை அளந்தால் அரை மீட்டர்கூட வராது. ஃபோகஸ் குழாய்க்குள் ஒரு லென்ஸை ஒளித்துவைத்துக் குவியத் தொலைவை நீட்டியிருப்பார்கள். விலை குறைந்தவற்றில் அந்த லென்ஸ் படத்தைக் குழப்பிவிடுகிறது, சரிசெய்யவும் பிடி கிடைக்காது. வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன ஸ்டாண்டு

ஈக்குவடோரியல் ஸ்டாண்டு நல்ல கருவிதான். அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துவிட்டால், நட்சத்திரம் நகர நகர ஒரே குமிழைத் திருகிப் பின்தொடரலாம். ஆனால் நீங்கள் இருப்பது சுமார் எட்டரை டிகிரி வட அட்சத்தில். துருவ நட்சத்திரமும் தொடுவானத்திலிருந்து அதே எட்டரை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் பத்து டிகிரி. அந்த முஷ்டிக்கும் கீழே, தென்னந்தோப்புக்கும் புழுதிக்கும் பின்னால். அச்சை ஏறக்குறையப் படுக்கவைக்க வேண்டியிருக்கும். மலிவான ஸ்டாண்டுகளில் பல அந்த அளவுக்குத் தாழாது. தாழ்ந்தாலும் எதிர் எடைக்கம்பி முக்காலியில் இடிக்கும். பறவை இடமும் வலமும் நகரும்போது, சாய்ந்த அச்சில் குழாய் கோணல்மாணலாகத் திரும்பும். போட்டோவுக்காக மணிக்கணக்கில் வானத்தைத் தொடரப் போகிறவருக்குக் கடைக்காரர் சொன்னது சரி. உங்களுக்கு வேண்டியது மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரண ஸ்டாண்டு.

அதே எட்டரை டிகிரியில் ஒரு லாபம் உண்டு. டெல்லிக்காரர்களுக்குத் தொடுவானப் புழுதியில் மறைகிற தென்வானம் உங்களுக்குத் திறந்து கிடக்கிறது. மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே மூன்று முஷ்டி உயரத்துக்குச் சற்று மேலே ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரப் பந்து நிற்கும்; 16 மடங்கில் பஞ்சுருண்டை மாதிரி தெரியும். ஏப்ரலில் இரவு ஒன்பதுக்கு கரீனா நெபுலா, இரண்டு முஷ்டி உயரத்தில். இவை எல்லாம் அகலமான பார்வை கேட்கிற பொருள்கள். குட்டைக் குவியத் தொலைவைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொழுந்தனாரின் 127

அவர் சொல்வது மாக்சுடோவ்-காசெக்ரெய்ன் வகை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. உள்ளே ஆடிகளில் ஒளி மடங்கி மடங்கி வருவதால் 1500 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட கருவி ஏறக்குறைய அரையடித் தடிமனில், ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும். சனி, வியாழன், நிலா மூன்றுக்கும் 80 மி.மீ. லென்ஸைவிட நன்றாகவே காட்டும். இதை நான் மறைக்கமாட்டேன். உங்கள் மகளுக்குக் கோள் மட்டும்தான் வேண்டும், கருவி வீட்டை விட்டு நகராது என்றால் அதையே வாங்கி வரச் சொல்லலாம்.

உங்கள் நிலைமை அப்படியில்லை. அதன் மிகக் குறைந்த உருப்பெருக்கமே 32 மி.மீ. கண் லென்ஸில் 47 மடங்கு. ஒரே பார்வையில் வானத்தில் ஒரு டிகிரி சொச்சம்தான் அகப்படும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டமே சுமார் இரண்டு டிகிரி அகலம், அதில் அடங்காது. பகலில் இன்னும் சிரமம். இருநூறு மீட்டர் தள்ளி அந்தப் பார்வையின் அகலம் நாலு மீட்டருக்கும் குறைவு. மரத்தில் பறவை எந்தக் கிளையில் என்று தேடுவதற்குள் அது பறந்திருக்கும். 80/400-இல் 25 மி.மீ. கண் லென்ஸைப் போட்டால் 16 மடங்கு, மூன்று டிகிரி, அதே தூரத்தில் கிட்டத்தட்ட 11 மீட்டர் அகலம். பறவையைப் பிடித்த பிறகு லென்ஸை மாற்றி 40 மடங்குக்குப் போகலாம். இருநூறு மீட்டரில் இருப்பது அப்போது ஐந்து மீட்டரில் இருப்பதுபோல வரும்.

மோட்டார் ஸ்டாண்டு ஸ்கூட்டரில் ஏறாது, பேட்டரி வேண்டும், ஒவ்வொரு முறையும் மட்டம் பார்த்து, நேரம் கொடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் காட்டிய பிறகே அது தேட ஆரம்பிக்கும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்டி உண்டா என்பதையும் பில் போடும் முன்பே அவர் கேட்டாக வேண்டும். பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி.

ஆசையாய்ச் சொல்கிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேறொன்றைக் கேளுங்கள்: 72 மி.மீ. விட்டம், 420 மி.மீ. குவியத் தொலைவு, ‘ஈ.டி.’ கண்ணாடி. 80/400-இன் ஒரே பெரிய குறை நிறச் சிதறல். குட்டை லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. நிலாவின் விளிம்பிலும், வெளிறிய வானத்துக்கு எதிரே தெரியும் கறுத்த கிளையிலும் ஊதாக் கோடு ஓடும். ஈ.டி. கண்ணாடியில் அது பெருமளவு அடங்கிவிடும். வெளிச்சம் கொஞ்சம் குறையும்: 80-க்கும் 72-க்கும் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். அந்தக் குறையோடும் 72 ஈ.டி. மேலான கருவிதான். உங்கள் 25,000-க்குள் அது அடங்காது என்பதால்தான் முதலில் சொல்லவில்லை.

ஈ.டி. கிடைக்காவிட்டால் ஊதாவுக்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. கறுப்பு அட்டையில் முன் லென்ஸ் மூடி அளவுக்கு வட்டம் வெட்டி, நடுவில் 50 மி.மீ. துளை போட்டு மாட்டுங்கள். 400-க்கு 50 என்றால் குவிய விகிதம் 5-லிருந்து 8-க்குப் போகும், ஊதா கண்கூடாகக் குறையும். நிலாவிலும் பகலிலும் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் நஷ்டமில்லை. சில கருவிகளின் மூடியிலேயே தனியாகக் கழற்றும் சிறுமூடி இருக்கும், அது இதற்குத்தான். மங்கலான நட்சத்திரக் கூட்டம் பார்க்கும்போது அட்டையை எடுத்துவிடுங்கள்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்று பறவை ஆர்வலர்கள் வைத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் புகாது, படம் நேராக வரும், 20-லிருந்து 60 மடங்கு ஜூம். வாரந்தோறும் குளக்கரைக்குப் போவீர்கள், வானம் எப்போதாவதுதான் என்றால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். விலை குறைந்தவற்றில் 40-க்கு மேல் படம் மங்கும், பெரும்பாலானவற்றில் கண் லென்ஸையும் மாற்ற முடியாது. சனிதான் வீட்டில் முதல் ஆசை என்பதால் தள்ளிவைக்கிறேன்.

என்னென்ன வாங்குவது

80/400 குழாயோடு பெரும்பாலும் 25, 10 மி.மீ. கண் லென்ஸ்கள் வரும். பார்லோவைத் தேடி அலையவேண்டாம். அதற்குப் பதில் 6 மி.மீ., 66 டிகிரி அகலப் பார்வை கண் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். 67 மடங்கு கிடைக்கும். சனிக்கு உங்கள் நிரந்தர லென்ஸ் அதுவாகிவிடும்.

ப்ரிசம் விஷயத்தில் ஒரு குழப்பம் நேரும். 90 டிகிரி ஆடி போட்டால் படம் நேராக நிற்கும், இடவலம் மாறியிருக்கும், வானத்துக்கு அது. 45 டிகிரி ப்ரிசத்தில் எல்லாம் சரியாக வரும்; பறவைக்கு அது. 45-ஐ வைத்துக்கொண்டு தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், பிரகாசமான நட்சத்திரத்தின் குறுக்கே ஒரு வெளிச்சக் கோடும் தெரியும். கோடு ப்ரிசத்தின் கூரை விளிம்பால் வருவது, பழுதல்ல. குழாயோடு எது வருகிறது என்று கேட்டு மற்றதை வாங்குங்கள்.

ஸ்டாண்டு தாங்கும் என்று எழுதியிருக்கும் எடை, குழாயின் எடைக்கு இரண்டு மடங்காவது இருக்கட்டும். கடையிலேயே சோதிக்கலாம். குழாயை மாட்டி, தூரத்தில் ஒரு போர்டைக் குறிவைத்து, குழாயை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஆட்டம் இரண்டு விநாடியில் அடங்கினால் நல்லது; நாலு, ஐந்து விநாடி என்றால் வாங்காதீர்கள், ஏனென்றால் ஃபோகஸ் திருகும் ஒவ்வொரு தடவையும் அதே ஆட்டம்தான். வீடியோவுக்குப் பயன்படும், எண்ணெய் இழுவை உள்ள தலை மெதுவாகத் திரும்பும், பறவைக்கு நன்று. குழாயின் அடித்தட்டில் கேமரா ஸ்டாண்டில் பொருந்தும் கால் அங்குலத் திருகுத்துளை இருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், மெல்லிய கடைசிக் கால்களை நீட்டாதீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள், உயரம் போதும். நடுக்கொக்கியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டால் இன்னும் அடங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்கள் ஊரைத் தொடாமல் போகாது. ஆடிக்காற்றில் எந்த ஸ்டாண்டும் நிற்காது. அந்த மாதங்களில் மாடிச் சுவரின் மறைவில் வைத்துப் பாருங்கள்.

கண்ணாடியைப் பற்றி: கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸிலேயே சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவரை ஃபோகஸ் சரிசெய்யாது. குறைந்த மடங்கில், டெலஸ்கோப்பிலிருந்து வரும் ஒளிக்கற்றை அகலமாக இருக்கும்போதுதான் அது உறுத்தும். 16 மடங்கில் கற்றை 5 மி.மீ., 67 மடங்கில் 1.2 மி.மீ. ஆகவே 25 மி.மீ. லென்ஸில் கண்ணாடியோடு பாருங்கள், அதில் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடைவெளி தாராளம். பெரிய மடங்கில் கழற்றிவிடுங்கள். 10 மி.மீ. சாதாரண லென்ஸில் அந்த இடைவெளி ஏழு மி.மீ. அளவுதான்; கண்ணாடியோடு பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும், கண்ணாடியிலும் கீறல் விழும்.

பழைய சரக்கு வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. அமெரிக்காவின் ஓரியன் நிறுவனம் 2024இல் மூடப்பட்டது, அதன் கைக்குப் போயிருந்த மீட் நிறுவனமும் கூடவே. கருவி நன்றாக இருந்தால் வாங்கலாம், உதிரி பாகத்தை எதிர்பார்க்க வேண்டாம். செலஸ்ட்ரான், ஸ்கை-வாட்சர் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே சிண்டா குழுமம். பெயரைப் பார்த்து அதிகம் கொடுப்பதைவிட விட்டம், குவியத் தொலைவு, கூடவரும் சாமான் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

இலவச சூரிய ஃபில்டர்

பெட்டியைத் திறந்ததும் இதைக் குப்பையில் போடுங்கள். கண் லென்ஸில் திருகுகிற அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடி, முன் லென்ஸோ ஆடியோ சேர்த்துக் குவிக்கும் வெப்பம் முழுவதும் வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சூடேறித் திடீரென்று விரிசல் விடும், அந்த நொடியில் கண் அங்கே இருக்கும். விழித்திரையில் வலி தெரியாது. மறுநாள் பார்வையின் நடுவில் கறுப்புப் பொட்டு இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிம், வெல்டிங் கண்ணாடி, கிரகணக் கண்ணாடி எதையும் டெலஸ்கோப்போடு சேர்க்கக்கூடாது. கிரகணக் கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டுமே.

சூரியனைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், அதற்கென்றே விற்கும் ஃபிலிமை முன் லென்ஸின் மேல், குழாயின் வாய் முழுவதையும் மூடும்படி மாட்டவேண்டும். ‘ஓ.டி. 5’ என்றால் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே வரும். ஒவ்வொரு முறையும் பல்பு வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா பாருங்கள். காற்றில் பறக்காதபடி டேப் ஒட்டுங்கள். குறிபார்க்கும் சிறு குழாயைக் கழற்றிவிடுங்கள். 2031 மே 21 அன்று கங்கண சூரிய கிரகணம் தென்தமிழகம் வழியாகப் போகிறது, அதற்குள் வாங்கிப் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது.

குளத்தங்கரையில் இன்னொரு ஆபத்து: பறக்கும் பறவையைத் துரத்திக் குழாயைத் திருப்பும்போது சூரியன் குறுக்கே வந்துவிடும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் இருக்கும், பறவை மேல் வெளிச்சமும் நேராக விழும். பார்க்காத நேரத்தில் மூடி போட்டே இருக்கட்டும்.

பார்சல் வந்ததும்

பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, எம்.ஆர்.பி. அச்சாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் வாரன்டியை மறந்துவிடலாம். அன்று பகலிலேயே ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்போன் டவரின் உச்சியைப் பாருங்கள், குறிக்குழாயையும் அதே உச்சியில் வைத்துத் திருகுங்கள். இரவில் தலைக்கு மேலே இருக்கும் நட்சத்திரம் ஒன்றை 40 மடங்கில் பார்த்து, ஃபோகஸை உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் நகர்த்துங்கள். வட்டத்துக்குள் வட்டமாகச் சீராக விரிந்தால் லென்ஸ் சரி. ஒரு பக்கம் வால் போல இழுத்தால், சரியான ஃபோகஸிலும் புள்ளி சேராமல் சிலுவையாக நின்றால், திருப்பி அனுப்புங்கள். ஆனால் உங்கள் கண்ணின் சிலிண்டர் பவரும் சிலுவை காட்டும். மகளைப் பார்க்கச் சொல்லி முடிவெடுங்கள்.

பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதோடு ஒத்துப்போகாத பொருளையோ விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ‘ரிட்டர்ன்’ நாள் முடிவதற்குள் இரண்டு சோதனையையும் முடித்துவிடுங்கள், பிறகு வாதாடுவது வீண் அலைச்சல்.

குளத்திலும் மாடியிலும்

கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டோரத்து மரங்களில் கூடு கட்டியிருக்கும் சங்குவளை நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் டெலஸ்கோப்பே வேண்டாம், கண்ணே போதும். நீர்ப்பரப்பின் நடுவில் நிற்கும் பூநாரைக்கும் வரித்தலை வாத்துக்கும்தான் கருவி. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் வரித்தலை வாத்துகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டுகிறார்கள். அப்படி ஒன்று அகப்பட்டால் எண்ணை வாசிக்க 40 மடங்கு கைகொடுக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் நீருக்கு மேல் காற்று அலையடிக்க ஆரம்பிக்கும். பறவை கானல்நீரில் நெளியும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதை நிறுத்தாது. ஆறரைக்குக் கரையில் இருங்கள்.

உங்கள் பக்கத்தில் கூடங்குளம் அணுமின் நிலையமும், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளமும் இருக்கின்றன. அந்தத் திசையில் டெலஸ்கோப்பைத் திருப்புவதும், போனை மாட்டிப் படம் எடுப்பதும் தேவையில்லாத விசாரணையில் கொண்டுவிடும்.

அக்கம்பக்கத்தைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. பகலில் மாடியில் ஒரு குழாய் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தால் யாருக்கும் கோபம்தான் வரும், போலீசில் புகாராகவும் ஆகலாம். பகலில் மாடியில் பொருத்தவே வேண்டாம், குளத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள். குறிக்குழாயைச் சரிசெய்யும் அந்த ஒரு நாள் மட்டும் டவர் பக்கம் திருப்பி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டிவிட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். வளர்பிறை அட்டமியை ஒட்டிக் கூப்பிடுங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்குகிற அந்த நாளில்தான் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து நிலா புடைத்துக்கொண்டு தெரியும். பௌர்ணமியில் வெறும் வெள்ளைத் தட்டு.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலந்திவலை மாதிரி. துடைத்தாலும் போகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நூறு, இருநூறு கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் வாணலியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கவேண்டாம். பனி படிந்த குழாயை அப்படியே மூடி வைக்காதீர்கள். மின்விசிறிக் காற்றில் அரைமணி உலரட்டும்.

சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பாகத் திரும்பி, கோடாக மெலிந்துபோனது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்தில் இருக்கும். 2026, 2027இல் அது இரவெல்லாம் வானில் நிற்பது அக்டோபரில். அப்போதுதான் உங்களுக்கு வடகிழக்குப் பருவமழையும். மழைவிட்ட இரவு கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் மார்கழி வரை பொறுக்கச் சொல்லுங்கள், இருட்டிய பிறகும் சனி மேற்கே சாயாமல் உயரத்தில் இருக்கும். 25 மி.மீ. லென்ஸில் தேடி நடுவில் நிறுத்தி, 6 மி.மீ.க்கு மாற்றி, ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மகளைக் கண் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் அது பார்வையை விட்டு நகர்ந்துவிடும், மறுபடி இழுத்து நடுவில் வைக்கவேண்டியிருக்கும். நகர்வது கருவியின் பழுதல்ல, பூமி சுற்றுகிறது.